செல்போன் கிழடு தட்டிவிட்டதா? குப்பையில் போடாதீர்கள்!

"அப்டேட்" போடலாமா, கூடாதா? ரிப்பேர் கடை படி ஏறுமுன் படிக்க வேண்டிய விவரம்

காரமடை,-

ஐந்தாறு வருடத்துக்கு முன்பு ஆசை ஆசையாக வாங்கிய செல்போன். இன்றைக்கு அதைத் தொட்டால் நகர மாட்டேன் என்கிறது. வாட்ஸ்-அப் திறக்க ஒரு நிமிடம். பணம் அனுப்பப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பின்னால் நிற்கிறவர், "ஏனுங்க, கொஞ்சம் சீக்கிரமாத்தான் பாருங்களே" என்கிறார்.

காரமடை கடைவீதியிலும், மேட்டுப்பாளையம்-கோவை ரெயிலிலும் தினமும் காணும் காட்சிதான் இது. கறிவேப்பிலைக் கட்டுக்குப் பணம் வாங்கும் வியாபாரி முதல், டிக்கெட் எடுக்கும் ஆபீஸ் குமாஸ்தா வரை, இப்போது பிழைப்பே செல்போனுக்குள் இருக்கிறது. போன் நின்றால் வியாபாரம் நின்றது. ஓ.டி.பி. வராவிட்டால் பேங்கு வேலை நின்றது.

கடைக்குக் கொண்டுபோனால் இரண்டே பதில்கள். ஒன்று, "சாப்ட்வேர் போட்டாச் சரியாயிருமுங்க." மற்றொன்று, "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிருங்க."

இதில் எது நிஜம்? பழைய போனுக்கு உண்மையில் என்னதான் வியாதி? "அப்டேட்" என்பது மருந்தா, விஷமா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

கிழடு தட்டுவது எப்படி?

செல்போன் என்பது உடம்பு. அதற்குள் ஓடும் சாப்ட்வேர்தான் உயிர். ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். என்பதெல்லாம் அந்த உயிரின் பெயர்.

உடம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். திரை எரியும், ஸ்பீக்கர் கத்தும். ஆனால் கம்பெனிக்காரன் சில வருடம் மட்டும் புது சாப்ட்வேர் அனுப்புவான். அப்புறம் கையைக் கழுவி விடுவான். வாட்ஸ்-அப், பேங்கு ஆப் எல்லாம் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகும். பழைய போன் அந்தப் பாரத்தைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்கும். இதுதான் விஷயம்.

ஓர் உதாரணம். 2014-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி டெல்லியில் ஒரு விழா. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அப்போது கூகுள் கம்பெனியில் பெரிய அதிகாரி. "ஆண்ட்ராய்டு ஒன்" என்ற திட்டத்தை அவர்தான் தொடங்கி வைத்தார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் கம்பெனிகளின் மூன்று போன்கள் வந்தன. ஆரம்ப விலை ரூ.6,399. ஏழை எளியவர்களுக்கும் நல்ல போன், கூகுளே நேராக அப்டேட் தரும் என்பதுதான் பெரிய கவர்ச்சி.

ஆனால் அந்த வாக்குறுதிக்கும் ஆயுள் இரண்டே வருடம்தான்! அதற்குப் பிறகு அந்தப் போன்கள் அனாதை.

வாட்ஸ்-அப் 2023 அக்டோபர் 24-ந் தேதியோடு, ஆண்ட்ராய்டு 5-க்கு முந்திய போன்களைக் கைவிட்டது. 2025 மே மாதம் ஐபோன் 5 எஸ், ஐபோன் 6 ஆகியவையும் கைவிடப்பட்டன. குரோம் பிரவுசரின் புதுப் பதிப்புக்கு 2025 ஆகஸ்டு முதல் ஆண்ட்ராய்டு 10 வேண்டும். போன் உடையவில்லை, தண்ணீரில் விழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வருகிறார்கள்.

மாட்டிக்கொண்ட ஆப்பிள்

"அப்டேட் போட்டதிலிருந்துதான் போனு மந்தமாயிருச்சுங்க" என்று யாராவது சொன்னால், "உங்க பிரமை" என்று கடைக்காரர் சிரிப்பார். சிரிக்க வேண்டாம். உலகத்திலேயே பணக்காரக் கம்பெனிகளில் ஒன்று இதே விஷயத்தில் கையும் களவுமாகச் சிக்கியது.

2017 டிசம்பர் மாதம். ஐபோன் வைத்திருந்த ஒருவர், பழைய பேட்டரியை மாற்றியதும் போன் மறுபடி வேகமாக ஓடுவதைக் கண்டார். போன் வேகத்தை அளந்து சொல்லும் நிபுணர் ஒருவர், ஏராளமான போன்களின் கணக்கை எடுத்து அலசினார். சாப்ட்வேர் அப்டேட்டுக்குப் பின் பழைய போன்கள் வேகம் குறைவது அம்பலமானது.

டிசம்பர் 20-ந் தேதி ஆப்பிள் கம்பெனி ஒப்புக்கொண்டது. "பேட்டரி பழசானால் போன் திடீரென்று அணைந்து போகும். அதைத் தடுக்கவே வேகத்தைக் குறைத்தோம்" என்பது அவர்கள் தரப்பு வாதம். காரணம் நியாயமாகவே இருக்கட்டும். வாங்கியவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

கூச்சல் பலமாகவே, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைந்தது. 2020-ல் பிரான்சு அரசு 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அமெரிக்க வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

இத்தாலியில் சாம்சங் கம்பெனியும் தப்பவில்லை. நோட் 7 என்ற புதுப் போனுக்காகத் தயாரித்த சாப்ட்வேரை, பழைய நோட் 4 வைத்திருந்தவர்களையும் போடச் சொன்னது குற்றம் என்று 2018 அக்டோபரில் தீர்ப்பு. அபராதம் 50 லட்சம் யூரோ. அதே நாளில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. போன் மந்தமானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியை! புதுப் போன் வாங்க பத்தாயிரம், பதினைந்தாயிரம் புரட்டுவதற்கு முன்னால், நல்ல பேட்டரி ஒன்று மாற்றிப் பார்ப்பது லாபம்.

பச்சைக்கோடு பயம்

நம் ஊரில் இன்னொரு பீதியும் உண்டு. ராத்திரி அப்டேட் போட்டுப் படுத்தார், காலையில் எழுந்து பார்த்தால் திரையின் குறுக்கே பச்சைக்கோடு! ஒன் பிளஸ், சாம்சங் போன்ற கம்பெனிகளின் சில மாடல்களில் இப்படிப் பலருக்கு ஆனது. திரை மாற்றப் பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

விஷயம் தெரியாமல் சொந்தப் பணத்தில் மாற்றியவர்கள் உண்டு. ஆனால் சாம்சங் கம்பெனி 2024-ல் எஸ் 20, எஸ் 21 வரிசை முதலான சில மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. ஒன் பிளஸ் கம்பெனி இந்தியாவில் இந்தக் குறைக்கு ஆயுள்கால உத்தரவாதமே அறிவித்தது. ஆகவே பச்சைக்கோடு விழுந்தால் தெருக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கேட்டால் காசு மிச்சம்.

வீட்டிலேயே வைத்தியம்

கடைக்குப் போகுமுன் காசு செலவில்லாமல் செய்து பார்க்க வேண்டியவை இவை:-

1. தேதி: பேட்டரி அடியோடு இறங்கிப்போன பழைய போனில் தேதி, நேரம் தப்பாகிவிடும். தேதி தப்பினால் பேங்கு ஆப், இணையதளம் எதுவும் திறக்காது. "பாதுகாப்பு இல்லை" என்று பயமுறுத்தும். செட்டிங்கில் போய் தேதியைத் தானாக மாறும்படி வைத்தால் போதும். ஒரு நிமிட வேலை.

2. இடம்: பழைய போனில் 16 ஜி.பி., 32 ஜி.பி.தான் இடம் இருக்கும். அது நிரம்பிவிட்டால் போன் மூச்சு விடாது. நிரப்புவது யார்? நம் சொந்தபந்தம் அனுப்பும் "குட்மார்னிங்" படங்கள்தான்! இது கேலி அல்ல. இந்தியாவில் இந்தப் படங்களால் போன்கள் திணறுவதைக் கண்டு, அவற்றைத் தேடிப்பிடித்து அழிக்கும் வசதியை கூகுள் கம்பெனியே தன் "பைல்ஸ்" ஆப்பில் 2018-ல் வைத்தது. வாட்ஸ்-அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். மொத்த இடத்தில் கொஞ்சமாவது காலியாக இருக்கட்டும்.

3. அணைத்து எழுப்புதல்: மாதக்கணக்கில் அணைக்காமலேயே போன் வைத்திருப்பவர்கள் உண்டு. வாரம் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள்.

4. "சேப் மோடு": நாம் போட்ட ஆப்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போன் ஓடும் முறை இது. அதில் போன் நன்றாக ஓடினால், குற்றவாளி நீங்கள் போட்ட ஏதோ ஓர் ஆப்தான். ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள்.

5. "பேக்டரி ரீசெட்": எல்லாவற்றையும் அழித்து, வாங்கிய நாள் போல ஆக்குவது. இது கடைசி மருந்து. இதற்கு முன்னால் படம், நம்பர், வாட்ஸ்-அப் எல்லாவற்றையும் வேறு இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். முக்கியமாக ஜிமெயில் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். போனை வழக்கமான வழியில் இல்லாமல் பட்டனை அழுத்தி அழித்தால், மறுபடி எழும்போது பழைய ஜிமெயில் கணக்கைக் கேட்கும். திருடனைத் தடுக்க வைத்த பூட்டு அது. பாஸ்வேர்டு மறந்துபோனால் சொந்தக்காரனும் வெளியே நிற்க வேண்டியதுதான்!

அப்டேட் போடும்போது பேட்டரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும். பாதியில் கரண்டு போய், போன் அணைந்தால் பிணம்தான்.

உயிர் மாற்றும் வித்தை

கம்பெனி கைவிட்ட போனுக்கு வேறு உயிரைப் புகுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். "கஸ்டம் ரோம்" என்பார்கள். கல்லூரி வாலிபர்கள் மத்தியில் இது ஒரு பைத்தியமாகவே இருந்தது. கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள் இலவசமாகத் தயாரிக்கும் சாப்ட்வேரை ஏற்றுவார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் சயனோஜென் மோடு. இது இந்தியாவில் கோர்ட்டு வரை போன கதை சுவாரசியமானது. சயனோஜென் சாப்ட்வேருக்கு இந்தியாவில் தனக்கே முழு உரிமை என்று மைக்ரோமேக்ஸ் கம்பெனி டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. 2014 டிசம்பரில் ஒன் பிளஸ் ஒன் போனை விற்கத் தடை விழுந்தது. ஒரே வாரத்தில், டிசம்பர் 24-ந் தேதி, இரு நீதிபதிகள் பெஞ்சு அந்தத் தடையை நீக்கியது. இரண்டு வருடத்தில், 2016 டிசம்பரில், சயனோஜென் கம்பெனியே கடையைக் கட்டியது! அதன் வாரிசாக வந்த லீனியேஜ் இன்றும் பல பழைய போன்களுக்கு உயிர் கொடுக்கிறது.

நமக்கு இது சரிப்படுமா? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்.

லாபம்: மூலையில் கிடக்கும் போன் புது ஆண்ட்ராய்டில் ஓடும். பிள்ளைகள் பாடம் பார்க்க, பாட்டுக் கேட்க உதவும்.

நஷ்டம்: பூட்டைத் திறந்த உடனே போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும். மாடலுக்குப் பொருந்தாத சாப்ட்வேரை ஏற்றினால் போன் செங்கல்தான், சுவரில் வைத்துக் கட்டலாம். எல்லாவற்றுக்கும் மேல், பூட்டுத் திறந்த போனைப் பேங்கு ஆப், பணம் அனுப்பும் ஆப்கள் பலவும் உள்ளேயே விடாது. கியூ.ஆர். அட்டையை நம்பிக் கடை நடத்துகிறவர், வியாபாரப் போனில் இந்த வித்தையைச் செய்யவே கூடாது.

தமிழ் பட்ட பாடு

போனைத் திருத்தி வேலை வாங்குவது தமிழர்களுக்குப் புதிதல்ல. பதினைந்து வருடத்துக்கு முன்பு பல போன்களில் தமிழ் என்றால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். அன்றைக்கு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த ரகசியம் ஒன்று உண்டு. ஓபெரா மினி பிரவுசரில், முகவரி அடிக்கும் இடத்தில் "ஓபெரா:கான்பிக்" என்று ஆங்கிலத்தில் அடித்து, கீழே ஒரே ஒரு வரியை "எஸ்" என்று மாற்றினால், கட்டமெல்லாம் தமிழ் எழுத்தாகிவிடும். எழுத்தைப் படமாக்கி அனுப்பும் தந்திரம் அது. இன்னும் துணிந்தவர்கள் போனின் பூட்டை உடைத்துத் தமிழ் எழுத்துருவை உள்ளே வைத்தார்கள்.

மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே செல்போனில் தமிழ் எழுத வழி செய்தது. இன்று எல்லாப் போனிலும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் கம்பெனி தரும்வரை காத்திராமல் நம்மவர்களே வழி தேடிக்கொண்டார்கள் என்பதை மறக்கக் கூடாது.

13,500 போன், ஒரே நம்பர்!

இனி போலீஸ் சங்கதிக்கு வருவோம்.

உத்தரபிரதேச மாநிலம் மீரட் நகரம். அங்கே ஒரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் தன் விவோ போனை சர்வீஸ் சென்டரில் ரிப்பேருக்குக் கொடுத்தார். திரும்பி வந்த போனில் ஏதேதோ கோளாறு. சந்தேகம் தட்டியது. சைபர் பிரிவு போலீசார் துருவினார்கள். அந்தப் போனின் ஐ.எம்.இ.ஐ. நம்பரிலேயே நாடு முழுவதும் 13 ஆயிரத்து 500-க்கும் மேற்பட்ட போன்கள் ஓடுவது தெரிந்து போலீசாரே திடுக்கிட்டார்கள்! 2020 ஜூனில் கம்பெனி மீதும் சர்வீஸ் சென்டர் மீதும் வழக்குப்பதிவு செய்யப்பட்டது.

ஐ.எம்.இ.ஐ. என்பது போனின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. 15 இலக்கம். ஒரு போனின் நம்பர் இன்னொரு போனுக்கு இருக்கக் கூடாது. திருட்டுப் போனைக் கண்டுபிடிப்பதே இதை வைத்துத்தான். அதனால்தான் திருட்டுப் பொருளை விற்கிற ஆசாமிகள் இந்த நம்பரை மாற்றப் பார்க்கிறார்கள். இது சாதாரணக் குற்றமல்ல. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 வருடம் வரை ஜெயில், அல்லது ரூ.50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே ரிப்பேருக்குப் போனைக் கொடுக்குமுன் *#06# என்று அடித்து, வரும் நம்பரைக் குறித்து வையுங்கள். திரும்பி வாங்கும்போது மறுபடி அடித்துச் சரிபாருங்கள். செகண்ட் ஹேண்டு போன் வாங்குகிறவர்கள், கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த 15 இலக்க நம்பரைப் போட்டு, 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போனின் யோக்கியதை தெரிந்துவிடும். போன் தொலைந்தால் "சஞ்சார் சாத்தி" இணையதளத்தில் பதிவு செய்து முடக்கலாம். 2023 மே மாதம் முதல் இந்த வசதி நாடு முழுவதும் இருக்கிறது.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பேங்கு ஆப்பை நீக்கிவிடுங்கள். "லாக் நம்பர் சொல்லுங்கண்ணா" என்று கேட்டால், முடிந்தவரை நீங்களே கூட நின்று திறந்து காட்டுங்கள். பில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

"அப்டேட்" பெயரில் கைவரிசை

பழைய போன் வைத்திருப்பவர்களைக் குறிவைத்துக் காத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. வாட்ஸ்-அப்பில் ஒரு பைல் வரும். கல்யாணப் பத்திரிகை என்பான். டிராபிக் அபராதச் சீட்டு என்பான். பி.எம். கிசான் பணம் என்பான். "உங்கள் பேங்கு ஆப் பழசாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யவும்" என்பான். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும்.

பைலின் பெயர் கடைசியில் ".ஏ.பி.கே." என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து இருக்கும். அதுதான் பாம்பின் பல்! பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எப். ஆகவோதான் வரும். ஏ.பி.கே. என்றால் அது ஓர் ஆப். தொட்டு உள்ளே விட்டால் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். "அலோ" கொடுத்தால் தீர்ந்தது. உங்கள் ஓ.டி.பி. உங்களுக்கு முன்னால் திருடன் கையில் இருக்கும். உங்கள் வாட்ஸ்-அப்பையும் பிடித்துக்கொண்டு உங்கள் மாமன் மச்சானுக்கெல்லாம் அதே பைலை அனுப்புவான்.

பழைய போனில் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் இருப்பது திருடனுக்கு இன்னும் வசதி. 2015-ல் "ஸ்டேஜ்பிரைட்" என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தபோது, ஒரு படச் செய்தி அனுப்பியே கோடிக்கணக்கான ஆண்ட்ராய்டு போன்களுக்குள் புகலாம் என்று தெரிந்து உலகமே அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் விடத் தொடங்கியது. ஆகவே "அப்டேட்டே வேண்டாம்" என்று இருப்பதும் தப்பு. அப்டேட்டைப் போனின் செட்டிங்கிலும், பிளே ஸ்டோரிலும் மட்டுமே போட வேண்டும். வாட்ஸ்-அப்பில் வருவது அப்டேட் அல்ல, ஆப்பு!

யார் தலையில் செலவு?

போன் பழசானால் புதுசு வாங்கு என்று சொல்வது சுலபம். வாங்க முடியாதவர்கள் கதி என்ன?

2021 ஆகஸ்டு மாதம் மராட்டிய மாநில அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த செல்போன்களைத் திருப்பி ஒப்படைக்கும் போராட்டத்தில் குதித்தார்கள். 2 ஜி.பி. மெமரி உள்ள பழைய போன். அதில் அரசின் ஆப் ஓடவில்லை. ரிப்பேர் செலவு ஊழியர்கள் தலையில். 2023 ஜனவரி 1-ந் தேதி முதல் 100 நாள் வேலைக்குச் செல்போனில் படம் பிடித்துத்தான் வருகைப்பதிவு என்று ஆனபோதும் இதே தலைவலிதான். பொறுப்பாளர் போன் தகராறு செய்தால், வேலை செய்தவர்கள் கூலிக்கு ஆபத்து.

அரசு ஆப் கட்டாயம் என்றால், அது ஓடக்கூடிய போனுக்கும் ரிப்பேருக்கும் யார் பொறுப்பு என்பதையும் அரசே சொல்ல வேண்டும். இது நியாயமான கேள்வி.

வெளிநாட்டில் சட்டம் இறுகுகிறது. ஐரோப்பாவில் 2025 ஜூன் 20-ந் தேதி முதல் புது விதி. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 வருடம் சாப்ட்வேர் அப்டேட்டும், 7 வருடம் உதிரி பாகமும் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பர் 24-ந் தேதி மத்திய நுகர்வோர் துறை "ரிப்பேர் உரிமை" இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகளின் சர்வீஸ், உதிரி பாகம், உத்தரவாத விவரங்களை அதில் பார்க்கலாம். ஆனால் இத்தனை வருடம் அப்டேட் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் இங்கே வர வேண்டும்.

அதுவரை, வாங்கும்போதே கேளுங்கள். "கேமரா எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்கிறோமே, "எத்தனை வருசம் அப்டேட் வருமுங்க?" என்றும் கேளுங்கள். இப்போது சில விலை உயர்ந்த மாடல்களுக்கு 7 வருடம் வரை தருகிறார்கள். விலை குறைந்த போனில் வருடங்களும் குறைவு. வியாபாரி சொன்னதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

முறையாக வாங்கிய போனில் கம்பெனி ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி நம்பரில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது. ரூ.5 லட்சம் வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

தெரியாமல் ஏ.பி.கே. பைலைத் தொட்டுப் பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். போனில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து உடனே 1930-க்கு அடியுங்கள். பேங்கிலும் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கைக்கு மாறாமல் தடுக்க முடியும்.